நெருங்கிய உறவு என்ற கட்டம்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானின் முழங்கால் வலி எப்படி? நான் அடிக்கடி அறை மாறுவதால் அரசுக் காப்பீட்டு அலுவலகத்துக்கு உன் முகவரியைத்தான் கொடுத்திருக்கிறேன். வருடப் படிவம் வந்திருக்கும். சலவைக்கூடத்தில் லீவு கிடையாது, நீயே நிரப்பி அனுப்பிவிடு. அது போகாவிட்டால் மனநல மருத்துவரும் இல்லை, மாத்திரையும் இல்லை. எட்டு மாதமாகத்தான் நான் மனிதனாகத் தூங்குகிறேன். ஓட்டல் விரிப்புகளை மடிக்கும்போது பாட்டுக்கூட வருகிறது. என் குரல் உனக்குத் தெரியும். கூட வேலை செய்பவர்கள் பாவம்.

உன் தம்பி

மார்ச் 19

என் கண்ணான தம்பிக்கு,

படிவம் வந்த அன்றே அனுப்பிவிட்டேன். என்னவெல்லாம் கேட்கிறார்கள்! ‘மாதத்தில் எத்தனை நாள் எழுந்து குளிக்க முடிவதில்லை?’ எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ‘ஒரு நாளும் இல்லை’ என்று எழுதினேன். ‘தானே சமைப்பான், நேரத்துக்கு வேலைக்குப் போவான், தங்கமான குணம், ஒரு குறையும் இல்லை.’ இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். உன்னை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது.

அன்பு அக்கா

ஏப்ரல் 11

அக்கா,

மாத்திரை வாங்கப் போன இடத்தில் காப்பீட்டு அலுவலகத்தின் பதிலைக் கையில் கொடுத்தார்கள். ‘உறவினர் தந்த தகவலின்படி பயனாளி முழு நலத்துடன் உள்ளார். மனநலச் சிகிச்சை அட்டை ரத்து.’ பெண் வீட்டாருக்குச் சொல்வதுபோல எழுதியிருக்கிறாய். ஒன்பது நாள் குளிக்காமல் கிடந்தவனுக்கு உன் கையால்தானே தண்ணீர் ஊற்றினாய்? மாத்திரை பன்னிரண்டுதான் மிச்சம். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நீ பார்த்ததை நாலு வரி எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 24

தம்பிக்கு,

கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தேன். “எழுத்துல குடுத்தா நெத்தியில ஒட்டிக்கும். நாளைக்கு எவன் வேலை குடுப்பான்?” என்கிறார் அத்தான். அந்த அலுவலகத்தில் தட்டச்சு செய்பவளும் எங்கள் எதிர் வீட்டுக்காரி. தெருவெல்லாம் தெரிந்துவிடும். நீ மனதைத் திடப்படுத்திக்கொள். வேலையில் மூழ்கினால் எல்லாம் மறந்துபோகும். ஸ்வெட்டர் ஒன்று பின்னி அனுப்புகிறேன்.

அக்கா

ஜூன் 2

அக்காவுக்கு,

ஸ்வெட்டர் வந்தது. அளவு சரியாக இருக்கிறது.

மாத்திரை தீர்ந்த ஆறாம் நாள் உலர்த்தும் இயந்திரத்தின் முன் நின்றவன் நின்றபடியே இருந்தேன். விரிப்பு கருகும் நாற்றம் வந்தும் கை எழவில்லை. இஸ்திரி போடுகிறவர்தான் என்னை இழுத்து உட்கார வைத்தார். பிறகு என் மேல்முறையீட்டுத் தாள்களைப் பார்த்துவிட்டு, “நான் பாத்தத நான் எழுதுறேன், இதுல என்ன வெக்கம்?” என்றார். கோணல் எழுத்து, வரிக்கு ஒரு பிழை. அட்டை திரும்பக் கிடைத்துவிட்டது.

புதுப் படிவத்தில் ‘நெருங்கிய உறவு’ என்ற கட்டத்துக்கு யார் என்று கேட்டார்கள். அவர் பெயரைச் சொன்னேன். முகவரியும் அவருடையதுதான். உன் பெயரை என் எதிரிலேயே அடித்தார்கள். எனக்கு வலித்தது, ஆனால் தடுக்கவில்லை.

இனி என் பெயரில் உன் வீட்டுக்கு எந்தக் கடிதமும் வராது. எதிர் வீட்டுக்காரி விசாரித்தால், தம்பிக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல். அதை நீ நன்றாகச் சொல்வாய்.

இப்படிக்கு,
பயனாளி