மூன்று மில்லிமீட்டர்

அக்டோபர் 22, புதன்

விடிந்ததிலிருந்து மழை. நேற்றுப் பூசிய பட்டி காயவில்லை. மாடல் கப்பலின் அடிப்பாகத்தைத் தொட்டால் பிசுபிசுப்பு. தொட்டுப் பார்த்ததில் விரல் ரேகை விழுந்துவிட்டது, மறுபடி தேய்க்க வேண்டும். சும்மா இருக்காத கை.

முடிந்தது: பின்தளத்துக் கைப்பிடிக் கம்பி. பித்தளை, மூன்று வரிசை. ட்ராயிங்கில் உயரம் 1000. ஐம்பதில் ஒரு பங்கு, 20 மி.மீ. கண்ணாடி போடாமலே பற்றவைத்தேன். (பொய். ஒரு முறை போட்டேன்.) தளத்தை இன்னும் ஒட்டவில்லை, மேலே சும்மா வைத்திருக்கிறது.

வாங்க: உப்புத்தாள் 220, 400. சாம்பல் பெயிண்ட். ரீத்தாவுக்கு முட்டிவலி மாத்திரை. பால்.

செல்வராஜ் வந்தான். ஃபவுண்டரியில் அவன் மோல்டர், நான் வார்ப்புக்கு மர மாதிரி செய்யும் பேட்டர்ன் மேக்கர். முப்பது வருஷம் அடுத்தடுத்த ஷெட். சொட்டச் சொட்டக் குடையை ஹாலிலேயே விரித்து வைத்தான். கப்பலை ஒரு சுற்று சுற்றிவந்து, "என்னப்பா, ஆள் நீளத்துக்குக் கெடக்குது" என்றான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். ரீத்தா காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆள் நீளம்தான், என்ன செய்வது. எண்பத்தெட்டு மீட்டர் கப்பல். இதைவிடச் சின்னதாகச் செய்தால் கம்பி அளவு சுத்தமாக வராது. கம்பிக்காகத்தான் கப்பலே.

நாளைக்கு மகன் ஜெரி, பொம்மையாக. உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். 33½ மி.மீ. அலவன்ஸ் 3. ஆக 36½. குமிழ் மரத்தில் ஒரு துண்டு எடுத்து வைத்தாயிற்று.

அக்டோபர் 23, வியாழன்

தூறல். கரண்ட் இரண்டு தரம் போனது.

ஜெரியைச் செதுக்கினேன். முகம் வைக்கவில்லை. அவ்வளவு சிறியதில் வராது. வந்தாலும் வைத்திருக்க மாட்டேன். தோள் மட்டும் சரியாக வந்தது, இடது பக்கம் கொஞ்சம் இறங்கி. பள்ளிக்கூடப் பை தூக்கிய தோள். அதைப் பார்த்ததும் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லையில் போய் நின்றேன்.

கம்பெனிக் கடிதத்தை மறுபடி படித்தேன். ஜூனில் வந்தது. எஞ்சின் ரூம் ஃபிட்டர் ஜெரால்டு, வயது 28, ஜனவரியில் ஒரு காலை டீ நேரத்தில் பின்தளத்தில் கடைசியாகக் காணப்பட்டார். பிறகு கப்பலில் இல்லை. தேடியும் கிடைக்கவில்லை. தவறி விழுந்தாரா, தாமே குதித்தாரா, உறுதியாகச் சொல்ல இயலவில்லை. கூடவே கப்பலின் ட்ராயிங், நான்கு தாள். எதற்கு அனுப்பினார்களோ. ஆனால் ட்ராயிங் படிக்கத் தெரிந்தவன் நான். அவர்களால் சொல்ல முடியாததை நானே அளந்து பார்த்துக்கொள்கிறேன்.

கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க மரித்தோர் பெயர்களை உபதேசியார் கேட்டுவிட்டுப் போனார். ரீத்தா ஜெரி பெயரைக் கொடுக்கவில்லை. "தானாப் போனவன்னா சாமி ஏத்துக்குமுங்களா?" என்கிறாள். அதெல்லாம் அந்தக் காலம், பேரைக் குடுங்கம்மா என்று ஃபாதரே சொல்லிவிட்டார். கேட்பதாக இல்லை. ஜனவரியிலிருந்து அரை வயிற்றுச் சோறுதான். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது.

அக்டோபர் 25, சனி

வெயில்.

ஜெரிக்கு நீலச் சட்டை, நீலப் பேண்ட். காலடியில் ஊசி வைத்து, கம்பியோரம் நிறுத்தினேன். பெல்ட் வரும் இடத்தில் பென்சில் கோடு.

என் கணக்கு: கம்பி பெல்ட்டுக்கு மேலே வந்தால் கப்பல் எத்தனை ஆடினாலும் ஆள் கவிழ மாட்டான். கீழே வந்தால், எட்டிப் பார்க்கும்போது ஒரு அலை போதும்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். கம்பி பெல்ட்டுக்குக் கீழே. கிட்டத்தட்ட ஒரு மி.மீ. கீழே.

ரீத்தாவைக் கூப்பிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள்.

"நம்ம ஜெரி இத்தன ஒசரமுங்களா?"

"இருபத்தெட்டு வயசுப் பையன் பின்ன எப்படி இருப்பான்?"

பொம்மையின் பேண்ட் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கம்பி எங்கெ வருதுங்க?"

"பெல்ட்டுக்குக் கீழதான் வருது அம்மணி."

"அப்ப வழுக்கி உழுந்திருப்பானுங்களா?"

"உழுந்துதான் இருப்பான்."

சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மதியம் இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள். ரசம் போதவில்லை என்று என்னோடு சண்டை வேறு. சாயங்காலம் உபதேசியார் வீட்டுக்குப் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இப்போது எழுதலாம். ஒன்பது மாதமாக இந்த நோட்டில் எழுதாமல் விட்டது.

அவன் காணாமல் போனதற்கு முந்தின நாள் காலை பதினொரு மணிக்கு ஜெரி எனக்குப் போன் செய்தான். ரீத்தா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். "அப்பா, முடியலீங்க. நான் எறங்கி வந்துரட்டுங்களா?" என்றான். நான் கப் போர்டு கதவுக்குக் கீல் அடித்துக்கொண்டிருந்தேன், ஸ்க்ரூ ஒன்று வாயில். "இன்னும் மூணு மாசந்தானே கண்ணு. முடிச்சுப்போட்டே வா. பாதியில வந்தா ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்றேன். "செரிங்கப்பா." அவ்வளவுதான். என்ன முடியவில்லை என்று கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. ரீத்தாவிடம் அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

கம்பி கீழே. வழுக்கித்தான் விழுந்திருக்கிறான். என் பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்: சம்பந்தம் இல்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

மேகம். மழை இல்லை. சாம்பல் பெயிண்ட் முதல் கோட். இடது பக்கம் வழிந்துவிட்டது.

செல்வராஜ் மகள் கோபியிலிருந்து கொடுத்தனுப்பிய வாழைப்பழம், ஒரு சீப்பு. நல்ல பழம்.

சமையலறையிலிருந்து கேட்டது, ரீத்தா அவள் அக்காவிடம் போனில்: "அவரு அளந்தே பாத்துப்போட்டாருக்கா. கம்பி தாழ்வாம். புள்ளமேல தப்பே இல்ல." இதே வார்த்தை இன்று மூன்று பேரிடம். மூன்றாவது முறை குரலில் ஒரு தெம்பு.

பேதி மாத்திரை வாங்கி வைக்க வேண்டும். பழம் ஐந்து தின்றேன்.

அக்டோபர் 31, வெள்ளி

மறுபடி மழை.

பின்தளத்து அறைக்குக் கதவு வெட்டினேன். ட்ராயிங்படி 1750. மாடலில் 35. வேடிக்கைக்காக ஜெரியை எடுத்து வாசலில் நிறுத்திப் பார்த்தேன். தலை இடித்தது.

கதவை அளந்தேன். 35. சரி. மறுபடி அளந்தேன். சரி.

ஜெரியை வெர்னியரில் பிடித்து அளந்தேன். 36½.

இந்த நோட்டையே பின்னால் புரட்டினேன். 22ஆம் தேதி, என் கையெழுத்து. அலவன்ஸ் 3.

பேட்டர்ன் செய்கிறவன் எப்போதும் கூட்டித்தான் செய்வான். வார்ப்பு வந்த பிறகு மிஷின் ஷாப்காரன் சீவி அளவுக்குக் கொண்டுவருவான். கூட்டுவது என் வேலை, கழிப்பது அவன் வேலை. முப்பது வருஷம் கூட்டிக் கூட்டிப் பழகிய கை, பெற்ற மகனுக்கும் கூட்டிவிட்டது. முட்டாள். கிழட்டு முட்டாள்.

புதுத் துண்டு எடுத்தேன். சரியாக 33½. சாயங்காலம் நான்கு மணிக்கு முடிந்தது. கம்பியோரம் நிறுத்தினேன்.

கம்பி பெல்ட்டுக்கு ஒரு மி.மீ. மேலே.

நிஜக் கப்பலில் ஐந்து செ.மீ. மூன்று விரல் அகலம். அதை வைத்துத் தானாகத்தான் போனான் என்று சொல்லிவிட முடியுமா? பெல்ட்டை இறக்கிக் கட்டியிருப்பான். ஷூ எத்தனை உயரமோ. கீழ்க் கம்பியில் ஒரு காலை வைத்து நின்றிருப்பான். ஒன்றும் தெரியாது. கப்பலை இவ்வளவு தூரம் கட்டியும் எனக்கு ஒன்றும் தெரியாது. ரீத்தாவிடம் சொன்ன அளவு தப்பு. அது ஒன்றுதான் தெரியும்.

சின்ன ஜெரியைத் தீப்பெட்டியில் போட்டு, உளிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

நவம்பர் 1, சனி

வேலை இல்லை. தலைவலி என்று படுத்திருந்தேன். ரீத்தா தைலம் தேய்த்துவிட்டாள். நாளைக்கு எடுத்துப்போக மெழுகுவத்தி, சாமந்தி, தீப்பெட்டி எல்லாம் ஒரு பையில் போட்டு வைத்தாள். உளிப் பெட்டிப் பக்கம் அவள் போனபோதெல்லாம் தைலம் வேண்டும் என்று கூப்பிட்டேன்.

சொல்லப்போவதில்லை. அவள் சாப்பிடுகிறாள். அது போதும்.

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

பூசையில் பெயர்கள் வாசித்தார்கள். ஜெரால்டு. வாசித்தவர் நிறுத்தாமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். அவரவர் கல்லறையைக் கழுவிப் பூப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் மகனை அதட்டினாள், "தாத்தா தலைமாட்டுல மிதிக்காத சாமி." எங்களுக்குக் கழுவ ஒன்றும் இல்லை. நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில் மெழுகுவத்தி ஏற்றினோம். தூறலில் இரண்டு தரம் அணைந்தது. மூன்றாம் தரம் ரீத்தா முந்தானையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "உங்க கை அளவு தப்பாதுங்க. அதனாலதான் இன்னிக்கு இங்க வந்து நிக்கறேன்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், தீப்பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். மூன்று மி.மீ. கதையைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். போன் வந்ததையும் சொன்னேன். நான் சொன்ன பதிலையும், ஒரு வார்த்தை குறைக்காமல்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒசரம்னு எனக்கு அன்னிக்கே பட்டுதுங்க. அவன் பேண்ட்டுக்கெல்லாம் கால் மடிச்சுத் தெச்சவ நானு. சொன்னா மாத்தி அளந்துபோடுவீங்கன்னு பேசாம இருந்துட்டேன்."

தீப்பெட்டியை மூடிவிட்டு:

"உங்களுக்கு முந்தின நாளு எனக்குப் பேசினானுங்க. நவநாள் முடிஞ்சு கோயில் படி எறங்கறேன். இதேதான் கேட்டான், எறங்கி வந்துரட்டுங்களாம்மான்னு. அப்பாகிட்டக் கேளு கண்ணுன்னு சொல்லிப்போட்டேன். உங்களைக் கேட்டானா இல்லியான்னு நானும் இத்தன நாளாக் கேக்கல. வாடா கண்ணுன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்களே."

பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். போத்தனூர் ஸ்டேஷன் அறிவிப்பு கேட்டது, ஏதோ ரயில் தாமதம். மதியம் யாரும் சமைக்கவில்லை. நான்கு மணிக்கு ஆளுக்கு ஒரு வாழைப்பழம்.

நவம்பர் 3, திங்கள்

வெயில். கா. 10 மணிக்குப் பசை கலக்கினேன். தளம் ஒட்ட வேண்டிய நாள்.

ரீத்தா கூடவே நின்றாள். 33½ ஜெரி அவள் கையில். "மேல கம்பிகிட்ட நிறுத்த வேண்டாமுங்க" என்றாள். எங்கே என்றேன். "அவன் வேல செஞ்ச எடத்துல." எஞ்சின் ரூமில் எஞ்சின் கிடையாது, நான் செய்யவில்லை. வெறும் பலகையும் விலாக்கட்டையும்தான். அதில் ஊசி குத்தி நிறுத்தினேன்.

36½ ஜெரியை என்ன செய்வது என்று கேட்டேன்.

"அவனையும் உள்ளயே வெச்சிருங்க. தொணைக்கு."

இரண்டு பேரையும் வைத்தாயிற்று. விளிம்பு முழுக்கப் பசை தடவி, தளத்தை மேலே இறக்கினேன். க்ளாம்ப் நான்கு இருக்கிறது. எடுக்கவில்லை. பசை பிடிக்கும்வரை ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் நானும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றோம். இருபது நிமிடம்.