பின்னாலிருந்து சொன்ன எண்கள்

அன்புள்ள அக்கா,

இன்று காலை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் ஓடிபி கேட்டார். போனில் பார்த்துவிட்டு வாசலுக்கு வருவதற்குள் பாதி எண் நழுவிவிட்டது. மறுபடி போய்ப் பார்த்தேன், மறுபடியும் நழுவியது. அவர் பொறுமையாக நின்றார், எனக்குத்தான் சிரிப்பு தாங்கவில்லை. நீ இருந்திருந்தால் உடனே உனக்குப் போன் போட்டிருப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாம் இருவரும் மண்ணரையில் ஒரே பனியன் கம்பெனியில் இருந்தோம். நீ தையலில், நான் செக்கிங்கில். அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் என்று தெரிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. யாரும் பேசாத பேச்சு அவன் காதில் கேட்கும். மாத்திரை சாப்பிட்டால் அடங்கும். மாதம் ஒருமுறை நீதான் அவனைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவாய்.

அப்போதுதான் முதலாளி என்னை சூப்பர்வைசர் ஆகச் சொன்னார். மாட்டேன் என்றேன். காரணம் யாருக்கும் தெரியாது. பெரிய சைஸ் பனியன்களை ஒரு கட்டு முழுக்கச் சின்ன சைஸ் லேபிளோடு அனுப்பிவிட்டிருந்தேன். ஐந்து நிமிடம் முன்பு சொன்ன வேலை மறந்துபோனது. அண்ணனுக்கு வந்தது எனக்கும் வருகிறது என்றே நம்பினேன். பஸ்ஸுக்காக நின்றபோது நீ துருவித் துருவிக் கேட்டதில் அழுதுவிட்டேன். அடுத்த மாதம் என்னையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாய்.

அங்கே ஒரு டாக்டரம்மா, நோயாளிகளின் உடன்பிறந்தவர்களில் நன்றாக இருப்பவர்களுக்கு ஞாபகப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். உங்களில் யாராவது வருகிறீர்களா என்று கேட்டார். "ரெண்டு பேருமே வர்றோமுங்க" என்றாய்.

அவர் எண்களைச் சொல்ல, நாம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். நான் நான்கு எண்ணில் தடுமாறினேன். நீயோ மூன்றிலேயே நின்றுவிட்டாய். கம்பெனியையே ஆட்டிவைத்த நீ! பிறகு சில வார்த்தைகளைப் படித்துவிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். நீ நாலைந்து சொல்லிவிட்டு, "தேங்காய்" என்றாய்.

"தேங்காய் நான் சொல்லவே இல்லையேம்மா."

"அது ஊட்டுக்கு வாங்கோணுமுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கும் இந்த நோய் வருமா என்று அவரிடம் கேட்டுவிட்டேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். "கூடப் பொறந்தவங்க சிலருக்கு இப்படி ஞாபகத்துல கொஞ்சம் சறுக்கல் இருக்கும்மா. அது நோய் இல்ல. அதை வெச்சு நோய் வரும்னும் சொல்ல முடியாது. எழுதி வெச்சுக்கிட்டு வேலையைப் பாருங்க."

திரும்பும்போது பஸ்ஸில் நீ உன் இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினாய். பால்பென்னில் எழுதிய எழுத்துகள், வியர்வையில் பாதி அழிந்திருந்தன.

"தெனமும் இப்படி எழுதித்தான் கண்ணு ஓட்டறேன். எனக்கும் அந்தப் பயந்தான். உங்கிட்டச் சொன்னா நீயும் பயப்படுவீன்னு சொல்லல."

இத்தனை வருடம் ஒரே வீட்டில், ஒரே பயத்தைத் தனித்தனியாக ஒளித்து வைத்திருந்தோம். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜன்னலோரம் இருந்த அண்ணன் நம் பக்கம் திரும்பி, "எறங்கற எடம் வந்தா நாஞ் சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் மறந்துருவீங்க" என்றான். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம். அவனும் சிரித்தான்; அவன் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

அந்த வாரமே சூப்பர்வைசர் வேலையை ஒப்புக்கொண்டேன். கையில் ஒரு நோட்டு, காதில் ஒரு பேனா. லேபிள் மாறவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மாறினால் சொல்லித் திருத்தினேன்.

இப்போது அண்ணனை நான் கூட்டிப் போகிறேன். அவனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. மாத்திரையை அவனே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். என் லைனுக்குப் புதிதாக வரும் பெண் ஒரே சந்தேகத்தை மூன்றாம் முறை கேட்கத் தயங்கி நின்றால், நானே அவளருகே போய் மூன்றாம் முறையும் சொல்கிறேன். அவள் முகம் தெளிவதைப் பார்க்கும்போதெல்லாம், அக்கா, அந்தப் பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது.