இடப்பக்கத்து நாற்காலி

ஜூன் 6

அன்புள்ள சோத்தாங்கைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மாடியில் ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். குழாயைத் திறந்தால் நாலு தடவை இருமிவிட்டுத்தான் தண்ணீர் தருகிறது. கீழே பட்டறை. வயலின் செய்கிற இடம் என்றால் இசை வழிந்தோடும் என்று நினைத்திருந்தேன். பசை நாற்றமும் மரத்தூள் தும்மலும்தான் வழிந்தோடுகின்றன. பட்டறைக்காரி என்னைவிடப் பத்து வயது சின்னவள். என்னை "டாக்டர்" என்றுதான் கூப்பிடுகிறாள், திட்டும்போதும். வந்ததிலிருந்து உளி தீட்டுவதைத் தவிர வேறு வேலை கொடுக்கவில்லை. "வாய்க்குள்ள விட்ட கையா இது, இந்த அழுத்து அழுத்துது?" என்று நேற்று கேட்டாள். மானம் போயிற்று. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறேன். நம் பல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய எந்தக் காலையிலும் நான் இப்படித் துள்ளி எழுந்ததில்லை, உனக்கே தெரியும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் முதல் வார்த்தையே "எப்ப வர்ற?" என்பாய், நான் பட்டென்று வைத்துவிடுவேன். காகிதத்தில் என்றால் கொஞ்சம் நிதானமாகச் சண்டை போடலாம்.

இரண்டு காரியம் ஆகவேண்டும். வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடிகள் பழையவை என் மேசையில் கிடக்கும், அனுப்பு. வயலினின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க அதைவிட நல்ல சாமான் கிடையாதாம். அப்புறம், என் நாற்காலிக்கு ஒரு டாக்டரைப் பார். நான் லீவில் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடு.

உன்
பீச்சாங்கை


ஜூன் 19

அன்புள்ள பீச்சாங்கைக்கு,

கண்ணாடிகளை அனுப்பிவிட்டேன். பல்லை விட்டாலும் அவளால் கண்ணாடியை விட முடியவில்லை பார்த்தீர்களா என்று நர்ஸம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். "டாக்டரம்மா வந்துடுவாங்க சார்" என்றார். அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். பல் டாக்டர் சொல்லக்கூடாத பேச்சு, போகட்டும்.

உன் நாற்காலிக்குத் துணி போர்த்தி வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களிடம் எல்லாம் லீவு என்றுதான் சொல்கிறேன். போன வாரம் ஒரு பெண் டாக்டர் வேலை கேட்டு வந்தாள். நல்ல நிதானமான கை, ஆனால் வலக்கை. உன் நாற்காலிக்குத் தட்டு, குழாய், விளக்கு எல்லாமே இடப்பக்கம். மாற்றுவதென்றால் தரையை உடைத்துக் குழாயைத் திருப்ப வேண்டும். நீ வந்ததும் திரும்பவும் உடைப்பதா? "இடம் காலியில்லம்மா" என்று அனுப்பிவிட்டேன். துணி போர்த்திய நாற்காலியைப் பார்த்துக்கொண்டே போனாள்.

உன் வயலின் ஆசை எனக்குப் புதிதா? காலேஜில் இடக்கையால் ஊசி பிடித்ததற்கு உனக்குப் பீச்சாங்கை என்று பேர் வைத்தார்கள், உன் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு எனக்குச் சோத்தாங்கை. ஊசி விஷயத்தில் நீ யாருக்கும் பணியவில்லை. வயலின் வாத்தியார்தான் வில்லை வலக்கைக்கு மாற்றிவைத்து உன்னை அழவைத்தார். அதனால், செய்யாதே என்று சொல்லமாட்டேன். ஒரு வருஷம் போகட்டும். ஆசை தீர்ந்துவிடும். வந்து உட்கார்ந்துகொள்.

ஹாஸ்டலில் மகள் சுகம். வீட்டில் நான் தனிக்காட்டு ராஜா, ராஜாவுக்குத் துவைத்த சட்டைதான் இல்லை.

உன்
சோத்தாங்கை


செப்டம்பர் 11

சோத்தாங்கைக்கு,

நீ அனுப்பிய கண்ணாடி என் மானத்தை வாங்கிவிட்டது. என் முதல் வயலினின் பெட்டியை ஒட்டி மூடியிருந்தேன். பட்டறைக்காரி துளை வழியாகக் கண்ணாடியை விட்டுப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து, "டாக்டர், இது யாரோட வாய்?" என்றாள்.

மேல்பலகைக்கு உள்ளே, கனத்த தந்திக்கு நேர் கீழே, நீளமாக ஒரு சட்டம் ஒட்ட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அது இடது, பலகையைக் கவிழ்த்துப் பார்த்தால் வலது. சின்னக் குழந்தைகூடச் சரியாக ஒட்டிவிடும். நாமோ பல் கணக்குத் தாளில் நோயாளியின் வலப்பக்கத்தை நம் இடப்பக்கமாக எழுதியே பழகியவர்கள். பலகை எனக்குத் திறந்த வாயாகத் தெரிந்திருக்கிறது. ஒரு தடவை திருப்ப வேண்டியதைக் கை தானாக இரண்டு தடவை திருப்பி, சட்டத்தை மறுபக்கம் ஒட்டிவிட்டது. பல் டாக்டரைத் தவிர யாருக்கும் இந்தத் தப்பைச் செய்ய வராது. மாடிக்கு வந்து அழுதேன்.

அழுத கையோடு உன் பழைய கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஆசை தீர்ந்துவிடும் என்று எழுதியிருக்கிறாய், என்னவோ காய்ச்சல் இறங்குகிற மாதிரி. அந்தப் பெண்ணை எதற்காகத் திருப்பி அனுப்பினாய்? துணியைப் போர்த்தி நீ வைத்திருக்கும் நாற்காலி அங்கே இல்லையப்பா, என் நெஞ்சின் மேல் இருக்கிறது. இங்கே ஒவ்வொரு தப்புக்கும் "பேசாமல் வந்து உட்கார்" என்கிறது. அது அப்படியே இருக்கும்வரை வீட்டுக்கு வரவே எனக்குப் பயமாக இருக்கிறது.

பீச்சாங்கை


செப்டம்பர் 24

உனக்கு,

பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். இதையாவது அனுப்பிவிடுகிறேன்.

அந்த நாற்காலி உனக்கு மிரட்டல் என்றாய். எனக்கு என்ன என்று நீ கேட்கவில்லை. நான் என் நோயாளிக்கு வலப்பக்கம், நீ உன் நோயாளிக்கு இடப்பக்கம், நடுவில் நாம் இரண்டு பேரும் முதுகோடு முதுகு. எனக்கு ஏதாவது வேண்டுமென்றால் திரும்பாமலே பின்னால் கையை நீட்டுவேன். பஞ்சா, இடுக்கியா என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை, நீயும் கேட்டதில்லை. கையில் வந்து விழுவது சரியாகவே இருக்கும். வலக்கைக்காரி யார் வந்தாலும் நாற்காலிக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். நடு இடம் காலியாகிவிடும். அதற்குத்தான் துணியைப் போர்த்தினேன்.

வேலை பிடிக்கவில்லை, விட்டாய். சரி. என்னையும் சேர்த்தா விட்டாய்? அதை மட்டும் எழுது.

நான்


அக்டோபர் 3

என் அன்புள்ள மண்டுவுக்கு,

இதை முதல் கடிதத்திலேயே எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா? நீ ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசுகிறாய் என்றே நான் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். கேட்டாய், சொல்கிறேன். விட்டது பல்லை. உன்னை இல்லை. எனக்கும் இங்கே உளியை வைத்துவிட்டுக் காது கொடுத்தால் முதுகுக்குப் பின்னால் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலிக்குத் திரும்ப மாட்டேன். நாற்காலி இல்லாத என்னை வீட்டில் சேர்த்துக்கொள்வாயா? அதை நீ எழுது.

வயலின் கதை கேள். தப்பான பெட்டியைப் பிரிக்கக் கத்தியை எடுத்த பட்டறைக்காரி, நான் கவலையில் உளியை உருட்டிக்கொண்டிருந்த இடக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பிரிக்க வேணாம் டாக்டர். மிச்சத்தையும் மாத்தி மாட்டுங்க" என்றாள். தந்தி, பாலம், முளைகள் எல்லாவற்றையும் இடம் மாற்றினோம். இடக்கையில் வில் பிடிக்கிறவர்களுக்கான வயலினாகிவிட்டது. நானே வாசித்தேன். சுருதி இன்னும் சிணுங்குகிறது, சேரவில்லை. ஆனாலும் வில் என் சொந்தக் கையில் இருந்தது. முதலில் உனக்குத்தான் வாசித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

உன்
பீச்சாங்கை


நவம்பர் 15

அன்புள்ள பீச்சாங்கைக்கு,

தரையை உடைத்தாயிற்று. அதனால்தான் பதில் தாமதம். குழாய்க்காரர் வந்து, மெக்கானிக் வந்து, ஆஸ்பத்திரி முழுக்கப் புழுதி. உன் நாற்காலியின் தட்டு, குழாய், விளக்கு எல்லாம் இப்போது வலப்பக்கம். நர்ஸம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே பெருக்கினார். அந்தப் பெண் டாக்டரை நானே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன், இன்று சேர்ந்துவிட்டாள். இனி லீவு என்கிற பொய்யும் கிடையாது. "அவங்க வேலையை விட்டுட்டாங்க, வயலின் செய்றாங்க" என்று சொல்லிவிடுகிறேன். ஒருவர் வாய் நிறையப் பஞ்சோடு ஏதோ சொன்னார். வாழ்த்து என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த சாமான் அறையைக் காலி செய்து, ஜன்னலைப் பெரிதாக்கி, தச்சரை வைத்து உனக்கு ஒரு பட்டறை மேசை போட்டிருக்கிறேன். எந்த உயரத்தில் போடுவது என்று கேட்டார். உன் கை இருக்கும் உயரம் எனக்குத் தெரியாதா? திரும்பிப் பார்க்காமலே இத்தனை வருஷம் வாங்கியிருக்கிறேன். மரத்தை இறுக்கும் பிடியை இடப்பக்கம் வைக்கச் சொன்னேன். "தப்பா வருதே சார்" என்றார். அதுதான் சரி என்றேன்.

இன்று முதல் நோயாளியிடமே மறந்துபோய்ப் பின்னால் கையை நீட்டிவிட்டேன். கை அப்படியே நின்றது. புது டாக்டர் அந்தப் பக்கத்திலிருந்து, "என்ன சார் வேணும்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று நானே எழுந்து எடுத்துக்கொண்டேன். பழக்கம் போகக் கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கிறது.

நீ அவசரப்படாமல் முழுக்கக் கற்றுக்கொண்டு வா. வரும்போது அந்த வயலினை எடுத்துக்கொண்டு வா. நடுவில் உள்ள சுவர் மெல்லியதுதான், தட்டிப் பார்த்தேன்.

உன்
சோத்தாங்கை