சுடுதண்ணீர்க் குழாயை வெட்டிய எஸ்டிமேட்

ரிஃப்னாட வாப்பாவுக்கு,

சோறும் மீன் ஆணமும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். நான் மஸ்கெலியாவுக்கு உம்மாவைப் பார்க்கப் போகிறேன். நாளை பின்னேரம்தான் வருவேன். சாவியைக் கடையில் மறந்துவிட்டு வராதீர்கள்.

நோர்வூட் மேசன் செல்லசாமி பாஸ் புதுக் குளியலறைக்கு எஸ்டிமேட் கொடுத்துவிட்டுப் போனார். முதலில் வந்த பாஸின் எஸ்டிமேட்டை அவரிடம் காட்டி, "இதவிடக் கொறச்சித் தாங்க" என்று கேட்டீர்களாமே. இது என்ன, உங்கள் துணிக்கடையில் சாரன் விலை பேசுவதா? மனிதர் விலையைக் குறைக்கவில்லை, வேலையைக் குறைத்திருக்கிறார். சுடுதண்ணீர்க் குழாயே இதில் கிடையாது. ஏன் என்று கேட்டேன்.

"மொதலாளிதாங்க சொன்னாரு, ஒளு எடுக்கப் பச்சத்தண்ணி போதும், அத வெட்டிருங்கன்னு."

இந்த நுவரெலியாக் குளிரில், விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவப் பச்சைத்தண்ணீர் போதுமா? நிக்காஹ் ஆன நாளிலிருந்து உங்களுக்கு முன்னால் நான் எழும்பி, கேத்தலில் சுடவைத்து, உங்கள் வாளியில் கலந்து வைக்கிறேன். வாளித் தண்ணீர் தானாகவே சுட்டுக்கொள்கிறது என்றா நினைத்தீர்கள்?

நாளைக்கு நீங்களே எழும்பிக் குழாயைத் திறந்து ஒளு எடுத்துப் பாருங்கள். அதன் பிறகு கைவிரல் அசைந்தால் பாஸுக்குப் போனில் கோல் எடுத்து, அந்தக் குழாயைத் திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஸாலிஹா

ஆணத்தில் புளி கூடிவிட்டது. கோபத்தோடு ஆக்கினேன்.

உங்கள் கம்பளிச் சட்டை அலுமாரியின் மேல் தட்டில் இருக்கிறது, போட்டுக்கொண்டு படுங்கள். கேத்தலைத் தேட வேண்டாம். அது என் பையில் இருக்கிறது.