ராகு காலத்தில் உங்கள் மரமீன்

இஞ்சாருங்கோ, எங்கே இருந்தாலும் ஒருக்கால் இந்தப் பக்கம் திரும்புங்கோ,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. உங்கள் மரமீன் மீன் பிடித்துவிட்டது. சும்மா பொடி மீன் இல்லை, நெப்பியன் ஆற்றுப் பாஸ். நம்முடைய கொடுவாவுக்கு ஆற்றில் பிறந்த தம்பி என்று நீங்கள் சொல்வீர்களே, அதுதான். அந்தத் தம்பியைப் பிடித்தது நான்.

இந்தக் கடிதத்தை நம் தமிழ்ச் சங்கத்து மலரில் போடக் கேட்டிருக்கிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் நாலு பேருக்காக விளக்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். கதை சொன்னால் இடையில் வெட்டுகிற பழக்கம் உங்களுக்கு உண்டு, இப்போதைக்கு அது நடக்காது.

இரைக்குப் பதிலாகத் தூண்டிலில் கட்டக் கடையில் விற்கிற பொய்மீன்கள் விரல் அளவுதான் இருக்கும். உங்களுக்கு அந்த அளவு காணாது. பெரிய பாஸ் சின்னதைத் தின்ன வாய் திறக்காது, மணலை மீன் குஞ்சுகளைத்தான் விழுங்கும் என்று ஒரு பிடிவாதம். யாரோ வீசிவிட்டுப் போன அலுமாரிக் கதவை அறுத்து, என் உள்ளங்கையைவிட நீளமான ஒரு மணலை மீனைச் செதுக்கினீர்கள். நடுவில் வெட்டி, வளைய ஆணி போட்டுப் பொருத்தி, இரண்டு துண்டும் தண்ணீரில் நெளியும்படி செய்தீர்கள். வாலுக்கு உங்கள் பழைய இடுப்புப் பட்டித் தோல். அது ஆற்றின் மேல் மிதந்து, உயிருள்ளது போலவே நெளிந்து வரும். அழகுக்கு ஒரு குறையும் இல்லை. மீன்தான் பிடிக்கவில்லை.

நம் பக்கத்துத் தெருப் பாலா அண்ணை அதை முதல் தரம் பார்த்துவிட்டுச் சொன்னது நினைவிருக்கிறதா? "தம்பி, உது மீன் பிடிக்கிறதுக்கில்லை. மீனைக் கண்டால் மண்டையில அடிக்கிறதுக்கு." வென்ட்வேர்த்வில்லில் நாலு தமிழ்க் குடும்பம் கூடினால் போதும், இந்தப் பகிடி ஒருக்கால் வரும். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் அதற்கு இன்னொரு பூச்சு வர்ணம் அடித்தீர்கள். அந்தச் சிரிப்பு உங்களுக்கு எங்கே குத்தியது என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமையும் தொழிற்சாலை என்பதால் ஞாயிறு மட்டுமே நமக்கு ஆறு. சின்னத் தகர வள்ளம், துடுப்பு என் கையில், முன் பக்கத்தில் நீங்கள். எறிவதும் சுற்றுவதும் பிரசங்கமும் உங்கள் வேலை. "சத்தம் கேட்டவுடன இழுக்கக் கூடாது மங்கை. பாரம் கையில தெரியட்டும்." ஒரு மீனும் வாய் வைக்காத தூண்டிலுக்கு இவ்வளவு விளக்கம். நான் துடுப்பை வலித்துக்கொண்டு ஓம் ஓம் என்பேன்.

பிறகு வெயில் சாயும். நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்துத் தூண்டிலைச் சுருட்டுவீர்கள். ஞாயிறு நாலரைக்கு ராகு காலம். தொடங்கக் கூடாது என்றுதானே சொல்வார்கள், நாம் காலையிலேயே தொடங்கிவிட்டோமே என்று நான் கேட்டால், "ஒவ்வொருக்கால் எறியிறதும் ஒரு புதுத் தொடக்கம்தான்" என்பீர்கள். ராகு காலம் முடிய இருட்டிவிடும், இருட்டில் உங்களுக்கு ஆற்றைப் பயம். அப்படியே வீட்டுக்கு வந்துவிடுவோம். நாம் கரையேறும் நேரத்தில்தான் வெள்ளைக்காரர் தங்கள் வள்ளங்களை இறக்குவார்கள். அவர்களுக்கு என்ன விசர் என்று கேட்டது நீங்கள்தான்.

இந்த மாதம் உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருஷம். புதன்கிழமை திவசத்துக்கு மரக்கறி. மறுநாள் போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பது உங்கள் வீட்டு வழக்கம். எல்லோரும் பரமட்டாக் கடைகளில் நல்ல மீன் வாங்கலாம் என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். அவருடைய மரமீனால் பிடித்த பாஸ் தவிர வேறு மீன் அவருடைய படையலில் வராது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாட்களை எண்ணிப் பார்த்தேன். படையலுக்கு முன் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிறு.

வள்ளத்தை விற்கச் சொல்லி ஒரு வருஷமாக எனக்குப் புத்தி சொன்னவர் பாலா அண்ணை. அன்றைக்குத் துடுப்புப் போட வந்தவரும் அவரே. வழக்கம்போல மகளை அவர் வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். முதல் தரமாக நான் உங்கள் இடத்தில் இருந்தேன். மத்தியானம் முழுக்க எறிந்தேன். தோள் கழன்றது. ஒருக்கால் மரக்கிளையிலும் ஒருக்கால் அண்ணையின் தொப்பியிலும் மாட்டியது. ஆற்றில் ஒரு அசைவும் இல்லை.

வெயில் சாய்ந்தது. அண்ணை துடுப்பை நிறுத்தினார்.

"தங்கச்சி, நாலரை ஆகுது. திரும்புவம். அவனும் இந்த நேரம் எறியமாட்டான்."

"அவர் எறியாதபடியால்தான் அண்ணை அவர் பிடிக்கேல்லை."

சொல்லிவிட்டு நானே திகைத்துப் போனேன். அதுவரைக்கும் அப்படி நான் யோசித்ததே இல்லை. தண்ணீரைப் பார்த்தேன். கரையோரத்து மர நிழல் ஆற்றின் பாதி வரைக்கும் வந்திருந்தது. பூச்சிகள் விழத் தொடங்கியிருந்தன. அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று நீர் வட்டமிட்டது. பகல் முழுக்கச் செத்துக் கிடந்த ஆறு அப்போதுதான் கண் விழித்தது. ஒவ்வொரு ஞாயிறும் இந்த நேரத்தில் நாம் காருக்குள் அல்லவா இருந்தோம்?

"ராகு காலம் தங்கச்சி. செத்தவன்ர காரியம். விளையாடாதை."

"நீங்கள் துடுப்பைப் போடுங்கோ அண்ணை. ராகுவோட நான் கதைக்கிறன்."

அவர் முருகா என்று சொல்லிவிட்டு வலித்தார். தண்ணீருக்குள் விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தின் பக்கம் எறிந்தேன். மரமீன் பொத்தென்று விழுந்தது. வட்டம் அடங்கும் வரைக்கும் விட்டேன். பிறகு மெல்லச் சுற்றினேன். அது நெளிந்து நெளிந்து, தண்ணீரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு வந்தது. அதன் பின்னால் இன்னொரு கோடும் வந்தது. என் நெஞ்சு அடித்தது அண்ணைக்கும் கேட்டிருக்கும்.

படார் என்று ஒரு சத்தம். மரமீனைக் காணவில்லை. அண்ணை "இழு, இழு" என்று கத்தினார். நான் இழுக்கவில்லை. பாரம் கையில் தெரியட்டும் என்று இருந்தேன். தெரிந்தது. அப்பாடி, என்ன பாரம். கோல் வளைந்து தண்ணீரைத் தொட்டது. மீன் மரத்துக்குள் புகப் பார்த்தது. அண்ணை இந்த வயதில் எங்கிருந்துதான் அந்தப் பலத்தை எடுத்தாரோ, வள்ளத்தைப் பின்னுக்கு வலித்து வலித்து மீனை வெளிக்கு எடுத்தார். ராகுவும் கேதுவும் அவருக்கு மறந்துபோயின. "விடாதை தங்கச்சி, விட்டால் அவன் என்னை மன்னிக்கமாட்டான்" என்று அழுதுகொண்டே வலித்தார்.

வலைக்குள் அது வந்து விழுந்தபோது நான் எழும்பி நின்று உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். "தில்லைநாதன், பிடிச்சிட்டன்!"

தாலி கட்டிய நாளிலிருந்து என் வாயால் ஒரு நாளும் சொல்லாத பெயர். இஞ்சாருங்கோ என்று கூப்பிடுவேன், மகளின் அப்பா என்பேன், ஆஸ்பத்திரியில் தாதி கேட்டபோதுகூட எழுதித்தான் காட்டினேன். அன்றைக்கு ஆற்றில் அது தானாக வந்தது. வெட்கமாக இருக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் சிரித்தேன், அழுகை அதோடு சேர்ந்தே வந்தது.

மரமீனில் இப்போது பல் பட்ட காயம் இருக்கிறது. அண்ணை அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டுகிறார். "எங்கட தில்லை அப்பவே சொன்னவன், பெரிசுக்குப் பெரிசுதான் வேணுமெண்டு" என்கிறார். முதலில் சிரித்தவர் யார் என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் இப்போது எழுதிவிட்டேன், அவரும் மலர் வாசிப்பார்.

வியாழக்கிழமை படைத்தோம். பாதியைப் பொரித்தேன், பாதியை ஊரிலிருந்து பார்சலில் வந்த மிளகாய்த்தூள் போட்டுக் குழம்பு வைத்தேன். ஒரு கிளாஸ் பியரும் வைத்தேன், அண்ணை கண்டும் காணாத மாதிரி நின்றார். வழக்கப்படி கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நின்றோம். மகள் ஆங்கிலத்தில்தான் கேட்டாள், அப்பா உள்ளே வந்து சாப்பிடுகிறாரா என்று. ஓம் என்றேன்.

பிறகு உங்கள் தட்டை நான் எடுத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் பாஸில் சேற்று வாசம். முள்ளும் அதிகம். இத்தனை ஞாயிறும் இதற்காகவா என்னைத் துடுப்புப் போட வைத்தீர்கள்? ஆனாலும் ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றேன். ஒருவருக்கும் கொடுக்கவில்லை, மகளுக்குக்கூட ஒரு விரலளவுதான். நீங்கள் வென்ற மீன் அது. அந்த வெற்றியில் எனக்கு உள்ள பங்கை நானே தின்ன வேண்டும் என்று இருந்தது.

வள்ளத்தை விற்கமாட்டேன். ஞாயிறு தோறும் வெயில் சாய்ந்த பிறகும் ஆற்றில் இருப்பேன். இனிமேல் பிடிப்பதைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவேன், ருசி தெரிந்துவிட்டதே. ஆனால் ஒவ்வொரு மீன் வரும்போதும் எழும்பி நின்று உங்கள் பெயரைச் சொல்வேன், அக்கரைக்குக் கேட்கும்படி. இது சத்தியம்.

உங்களுடைய,
தில்லைநாதன் மனைவி மங்கையர்க்கரசி