ஸ்கூட்டர் நீளத்துக்கு ஓர் இடைவெளி

அன்பு மகளுக்கு,

உன் சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் கை கால்களோடும், ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்ளும் அளவுக்குத் தெம்போடும் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிரில் விறைத்துப்போகாமல் நலமாயிருக்க வேண்டும். உன் அப்பாவுக்குப் பேனா பிடித்தால் கை நடுங்கும், கோபம் பிடித்தால் நடுங்காது என்பது உனக்கே தெரியும், அதனால் இந்தச் சமஸ்தானத்தின் அரசவை எழுத்தராகிய நானே எழுதுகிறேன். இப்போது சொல்லப்போகும் கதையை நீ நம்பவே மாட்டாய் என்று என் மீசைமேல் ஆணையிட்டு உறுதி கூறுகிறேன். மீசையைப் போன வாரம் எடுத்துவிட்டேன், அது வேறு விஷயம்.

போன மாதம் ஒரு காற்று அடித்தது பார், காற்றா அது, ஆகாயத்துக்கே தும்மல் வந்த மாதிரி! நமக்கும் பக்கத்துத் தையல்காரம்மாவுக்கும் நடுவே ஒரு மரவேலி இருந்ததே, கரையான் தின்றது போக மிச்சத்தை உன் அப்பாவின் பிடிவாதம் தாங்கிக்கொண்டிருந்ததே, அது இறக்கை விரித்து மூன்று தெரு தாண்டிப் பறந்து பல் வைத்தியர் வீட்டு மொட்டைமாடியில் போய் உட்கார்ந்துவிட்டது. திருப்பிக் கேட்கப் போனால், அதுமேலே துணி காயப்போட்டிருக்கேன், காய்ஞ்சதும் வாங்க என்கிறார் அவர் வீட்டம்மா. அன்றிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஊர்க்கோழிகள் அத்தனையும், ஒரு மேளக்கோஷ்டியும் நம் கொல்லைப்புறத்தைக் குறுக்கு வழியாக்கிக்கொண்டன. உன் அப்பா குட்டி போட்ட பூனையாய் வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறார், அவர் பின்னால் நான் நடக்கிறேன், தரையில் வாய்க்காலே விழுந்துவிட்டது.

இன்னொன்று உனக்கு இதுவரை எழுதவில்லை, எழுதினால் அங்கே வேலையில் மனம் ஓடாதே என்று. நீ விமானம் ஏறியதிலிருந்து உன் அம்மா, அதாவது என் அண்ணி, பேச்சையே குறைத்துவிட்டார். சாப்பிட்டீங்களா என்றால் ம், தலைவலியா என்றால் ம். வேலி போன மறுநாள் தையல்காரம்மாவின் கோழி நேரே நம் அடுப்படிக்குள் வந்து நின்றது. அந்தக் கோழிகள் தன் நாற்றைக் கிளறின என்றுதானே உன் அப்பா அந்த வீட்டோடு பேச்சையே வெட்டிவிட்டார்! அண்ணி அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விடப் போனவர், டீ ஆறி ஆடை கட்டியபிறகுதான் திரும்பினார். மறுநாள் கோழி இல்லாமலே போனார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் ஒரு சத்தம், குக்கர்தான் வெடித்துவிட்டது என்று ஓடினேன். தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார்.

இது அப்பா காதுக்கும் எட்டியது, உடனே வெல்டரைக் கூப்பிட்டுவிட்டார். ஆள் உயரத்துக்கு மேல் தகர வேலி, வானத்தை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை அடைச்சிடுறேன் என்று முழங்கினார். தகரம் வேண்டாம், கம்பி வலை போதும் என்றேன். உன்னைக் கேட்டேனா என்றார். பேச்சு நின்றுபோனது, அளவெடுக்கும் வேலை நிற்கவில்லை. அவர் தெருப்பக்க முனையிலிருந்து டேப்பை இழுத்து வந்தார், நான் கொல்லை மூலையிலிருந்து. நடுவில் வேலிக்கோட்டின்மேலேயே என் ஸ்கூட்டர் நின்றது. நகர்த்து என்று அவர் வாய் திறந்து கேட்கட்டும் என்று நான், கேட்காமலே நகர்த்தட்டும் என்று அவர். முன் சக்கரம் வரை அவர் கணக்கு, பின் நம்பர் பிளேட் வரை என் கணக்கு, ஸ்கூட்டரை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. வேலி எழும்பியதும் நடுவே ஒரு ஸ்கூட்டர் நீளத்துக்கு ஓட்டை! வெல்டர் இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, ஒத்துமையாத்தான் அளந்திருக்கீங்கண்ணே, ரெண்டு பேரும் ஒரே இடத்துல கோட்டை விட்டிருக்கீங்க என்றார்.

அண்ணி அந்த ஓட்டை வழியாகப் போய்வந்துகொண்டிருந்தார். ஓட்டையை மூட மிச்சத் தகரம் வந்து சுவரில் சாய்ந்த நாளோடு அதுவும் நின்றது. பழையபடி ம். கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவுகிறார். அந்தப் பக்கம் மெஷின் ஓடும், நிற்கும், ஓடும், அதைக் கேட்டு இவர் கையும் நிற்கும். உன் அப்பாவோ தினமும் ட்ரில்லைத் தூக்கிக்கொண்டு மூடப் போவதும் வெறுங்கையோடு வருவதுமாக இருந்தார். ஒருநாள் வெயில் ஜாஸ்தி என்றார், ஒருநாள் திருகாணி குட்டை என்றார். எப்பதான் மூடப்போறே என்று கேட்டதற்கு, உன் வேலையைப் பாரு என்றார். எனக்கு என்ன வேலை இருக்கிறது?

நேற்று காலை ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். நான் பிரித்துப் பார்த்தேன், அரசவை எழுத்தருக்கு அந்த உரிமை உண்டு. திருகாணி வாங்கத்தான் போனார் என்று நினைத்தால், உள்ளே ஒரு ஜோடிக் கீலும் ஒரு தாழ்ப்பாளும். கதவுக்குப் போடுகிற கீல்! சுவரைப் பார்த்துக்கொண்டே, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைக்கிறது என்று கேட்டார். யாரை என்று சொல்லவில்லை. அண்ணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தாழ்ப்பாள் எதுக்கு, காத்துக்கு அடிச்சுக்காம இருக்க ஒரு கொக்கி போதும், கோழி நுழையாம கீழே ஒரு பலகை வச்சுடுங்க என்றார். எத்தனை வார்த்தை என்று நீயே எண்ணிக்கொள். இன்று கொல்லையில் ஒரே தட்டல், கதவைத் தலைகீழாக மாட்டிவிடுவாரோ என்று இதை எழுதும்போதே மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, காலுறை இல்லாமல் வெளியே போகாதே, நீ குடியிருக்கும் வீட்டுக்காரியோடு சண்டை வந்தால் அளவெடுப்பதற்கு முன்பே சமாதானமாகிவிடு. மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய், அம்மா எடுக்காவிட்டால் பதறாதே, பக்கத்து வீட்டில் இருப்பார். கதவைப் பற்றி அப்பாவிடம் மூச்சு விடாதே. எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும். பறந்த வேலி, பல் வைத்தியர் மாடி, மேளக்கோஷ்டி எல்லாம் என் கைச்சரக்கு. வேலி விழுந்த இடத்திலேயேதான் கிடந்தது. அம்மா சிரித்தது மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
வேலிக்கு இந்தப் பக்கமிருந்து,
உன் சித்தப்பா