செடிகள் எல்லாம் நலம்

அருகன் துணை

திண்டிவனம்
கார்த்திகை, வெள்ளிக்கிழமை

அன்புள்ள சன்மதிக்கு அம்மா எழுதுவது. இங்கே செடிகள் எல்லாம் நலம். போனில் உன் நம்பரை நான் தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுதியிருந்தாய். கையெழுத்து முன்பைவிடக் கோணலாக இருக்கிறது. உட்கார்ந்து எழுத முடியவில்லை போலும், ஏழாம் மாதம் அப்படித்தான் இருக்கும்.

முதலில் தோட்டத்துச் சேதி. நீ போன பிறகு இந்த இரண்டு வருடத்தில் வீட்டைச் சுற்றி ஒரு சாண் இடம் சும்மா கிடக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சித்ரா வந்து நின்று, "இன்னாக்கா, ரிசார்ட்டு மாதிரி ஜோரா பண்ணி வச்சிக்கினு இருக்கீங்க" என்று வாயைப் பிளந்தாள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய் அவள் தங்கச்சிக்கு வேறு அனுப்பினாளாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறைப்பானேன்?

எல்லாம் வீட்டில் கிடந்த சாமான்தான். உன் சைக்கிளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து வாசலில் நிறுத்தி, முன் கூடையிலும் பின் கேரியரிலும் தொட்டி வைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் நீ வாங்கிய கப்புகளுக்கெல்லாம் அடியில் துளை போடச் சொல்லி, பத்துமணிப் பூ நட்டேன். ஒவ்வொன்றும் ஒரு நிறம், கண்கொள்ளாக் காட்சி. பேச்சுப் போட்டிக் கப்பில் மட்டும் ஏனோ வேர் பிடிக்கவில்லை. உன் சலங்கையைக் கொய்யா மரத்தில் கட்டியிருக்கிறேன். காற்றடித்தால் கிளி பறந்துவிடுகிறது. அரங்கேற்றம் வரை போகாத சலங்கை, கிளியையாவது விரட்டட்டும்.

எலுமிச்சையில் இந்த வருடம் புழு அதிகம். மருந்தடித்தால் ஒரே நாளில் போய்விடும் என்று சித்ரா சொன்னாள். நம் வீட்டில் அதெல்லாம் உண்டா? ஒரு மரத்தை அவற்றுக்கே விட்டுவிட்டேன். மற்ற மரத்தில் இருப்பவற்றை இலையோடு எடுத்துக்கொண்டு வந்து அதில் விடுகிறேன். இருட்டிய பிறகு தோட்டத்தில் கால் வைப்பதில்லை, நத்தை மிதிபடும். மேல்சித்தாமூர் மடத்திலிருந்து வந்தவர்கள் பார்த்துவிட்டு, அனந்தவல்லி அம்மாளுக்கு என்ன இளகிய மனசு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் என்ன அதற்காகவா செய்கிறேன்?

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எனக்கும் தெரியும். தென்னரசுவின் அம்மா உயிரோடு இல்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை, ஒரு மாதமாவது வந்து இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். எங்கே வந்து இருப்பாய்? உன் அறையில் இப்போது நிழல்செடிகள் இருக்கின்றன. கட்டிலை எடுத்துவிட்டேன். தேக்குத் தொட்டிலைக் கேட்டிருந்தாய். நீ கிடந்த தொட்டில்தான், உன் பிள்ளைக்கு என்று நானே ஒரு காலத்தில் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன். இப்போது அதில் மண் நிரப்பி மணி பிளான்ட் விட்டிருக்கிறேன். கொடி நாலு பக்கமும் தொங்கி என்ன அழகு தெரியுமா? கலைக்க மனசு வரவில்லை.

மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டாயாம். கூட்டேரிப்பட்டில் செடிக்கடை வைத்திருக்கும் அந்தோணிசாமி தெரியாத்தனமாக உளறிவிட்டார். அந்தக் கையால் என் அடுக்களையில் நீ ஒரு டம்ளரைத் தொட்டாலும் எனக்குச் சோறு இறங்காது. தென்னரசு நல்ல பிள்ளையாக இருக்கலாம், நான் இல்லை என்று சொன்னேனா? அவன் தெருவிலும் பிள்ளை பெறுகிறார்கள். நீயும் பெற்றுக்கொள்.

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். வலது கையும் காலும் அப்படியேதான் இருக்கின்றன. பேச்சு ஒன்றிரண்டு வார்த்தை வருகிறது. நீ போன அதே வாரம்தான் அவருக்கு இழுத்துக்கொண்டது, ஆனால் உன்னால் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. நீ கனடாவில் இருப்பதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். போன், போன் என்று கேட்பார். அங்கே இப்போது எல்லோரும் தூங்குகிற நேரம் என்பேன். நீ இருக்கிற விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஒரு குட்டித் தூக்கம் போடுகிற தூரம்தான். பாவம், அவர் பனி பெய்கிறதா என்று கையை ஆட்டிக் கேட்கிறார்.

முன்பு திருவக்கரைக்குப் போய்க் கல்லான மரங்களைப் பார்த்துவிட்டு வந்தோமே, நினைவிருக்கிறதா? "மரம் கல்லாவறதுக்குக் கோடிக்கணக்குல வருஷம் ஆச்சாம், உங்கம்மாவுக்கு ஒரு நிமிஷம் போதும்" என்று அப்பா சொல்ல, நீ பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தாய். யசோதரனுக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரே சொல்லும். இப்போது வீடு அமைதியாக இருக்கிறது.

சித்திரையில் நீ அந்தோணிசாமியிடம் கொடுத்தனுப்பிய பவளமல்லி வந்து சேர்ந்தது. நான் பூவைப் பறிக்க மாட்டேன், தானாக உதிர்வதைத்தான் எடுப்பேன் என்பதை மறக்காமல் தேடி அனுப்பியிருக்கிறாய். கெட்டிக்காரிதான். திருப்பி அனுப்ப வேண்டாம் என்று வாசல் கேட்டுக்கு அருகில் வைத்தேன். பிடுங்கிப் போடவில்லை, உயிரைக் கொல்வது நமக்கு ஆகாது. தண்ணீர் ஊற்றவில்லை, அவ்வளவுதான்.

கத்திரி வெயில் முடிந்தும் அது சாகவில்லை. மண்ணைத் தொட்டுப் பார்த்தால் ஈரம். பிறகுதான் கண்டுபிடித்தேன். நான் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து, அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு தன் குடிதண்ணீர் டம்ளரை வாயில் கவ்விக்கொண்டு போய் ஊற்றியிருக்கிறார். யார் கொடுத்தது என்று நான் சொல்லவே இல்லை. எப்படித் தெரிந்துகொண்டாரோ. ஆனி மாதம் ஒருநாள் வாசல்படியில் விழுந்தார், நெற்றியில் தையல் போட்டார்கள். உன் செடி செய்த வேலை இது.

அதனால் சித்ராவின் வீட்டுக்காரரை விட்டுத் தொட்டியை மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அப்பாவால் மாடி ஏற முடியாது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மழைக்கு நான் என்ன செய்ய? அத்தனை கிளையிலும் மொட்டு. காற்றில் பூ கைப்பிடிச் சுவர் தாண்டி, அப்பா நாற்காலி போட்டு உட்காரும் இடத்தில் விழுந்திருக்கிறது. விடிந்து நான் எழுந்து வந்தால், இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் வைத்திருக்கிறார். என்னைப் பார்த்து உன் பேரைச் சொன்னார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக முழுசாக, தெளிவாக. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முப்பத்தாறு வருடம் சோறு போட்டவள் பேர் இன்னும் அந்த வாயில் வரவில்லை.

நேற்று நானே மாடிக்குப் போய்த் தொட்டியைத் தண்ணீர் டாங்கிக்குக் கீழே, மழை படாத மூலைக்குத் தள்ளிவிட்டு வந்தேன். இன்று காலை அப்பா வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். காபி ஆறியும் குடிக்கவில்லை. நாளடைவில் பழகிவிடுவார்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வாயும் வயிறுமாக உன்னைப் பார்த்ததாகச் சித்ரா சொன்னாள். அது வேறு யாரோ, என் மகள் கனடாவில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். இனி இந்தப் பக்கம் இறங்காதே. செடி கிடி எதுவும் அனுப்பாதே. ராத்திரியில் கால் வீங்கினால் தலையணை வைத்து உயர்த்திப் படு. இடது பக்கமாகப் படு. புளிப்பைக் குறை, உனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

நீ வேறு பிள்ளை வேறாக நல்லபடியாகப் பிரிந்து எழுந்திருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தேதி என்று மட்டும் எழுதிவிடாதே. தெரிந்தால் அப்பாவிடம் சொல்லாமல் இருப்பது எனக்குக் கஷ்டம். இருந்துவிடுவேன். ஆனாலும் எழுதாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
அனந்தவல்லி